ஆணா பெண்ணா என்று யார் சொல்வது

மார்ச் 10, செவ்வாய். மாலை வகுப்பில், ஆசிரியர் வருவதற்கு முன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். நாய்க் காப்பகத்து அம்மாள், "ஆண் வேணுமா, பெண் வேணுமா?" என்று கேட்டபோது, "எதுவானாலும் சரிங்க" என்று சொல்லிவிட்டேன். வேலை முடிந்து நேராக அங்கே போயிருந்தேன். சலவை நிலையத்தில் காலையிலிருந்து நின்றபடியே ஓட்டல் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். பாதம் கெஞ்சியது. ஒரு பதிலைச் சொல்லிவிட்டால் அங்கிருந்து கிளம்பலாம் என்று நினைத்தேன். காரணம் இதுதான் என்று எழுதுகிறேன். ஆனால் முழுக் காரணம் இதுவல்ல.

அந்த அம்மாள் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த குழாயை மூடினார்.

"எதுவானாலும்னு வர்றவங்க வீட்லேர்ந்துதான்மா நாய் திரும்பி வருது. யாருக்கு நாய்?"

"அப்பாவுக்கு."

"அப்ப அவரு சொல்லட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி வருது. இடம் பத்தல, பாதிய வேற காப்பகத்துக்கு அனுப்பறோம். இந்த ரெண்டையும் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன். அன்னிக்குக் காலையில ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஒரு வயது இருக்கும். உருவம், நிறம் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. வெளியே விட்டதும் ஆண் நாய் சுவர் ஓரமாகவே முகர்ந்துகொண்டு போயிற்று. என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. பெண் நாய் வந்து எனக்கு முதுகைக் காட்டியபடி என் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. கால் வலித்தாலும் நான் நகரவில்லை.

முழுக் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் யார் முடிவைச் சொல்கிறார்களோ அவர் தலையிலேயே வேலையும் விழும். திரைச்சீலை வெளிர் நிறத்தில் இருக்கட்டும் என்று அம்மா சொன்னாள். இன்றுவரை அவள்தான் துவைக்கிறாள். குளிர்பதனப் பெட்டி அந்த மூலையில் இருக்கட்டும் என்று அண்ணன் சொன்னான். அதன் அடியில் கசியும் தண்ணீரை அவன்தான் துடைக்கிறான். "சொன்னவன் செய்யணும்" என்பது அப்பா பஸ் ஓட்டிய காலத்தில் பணிமனையிலிருந்து கொண்டுவந்த சட்டம். அதனால் இப்போது யாரும் வாயைத் திறப்பதில்லை. "உன் இஷ்டம்", "நீ பாத்துச் செய்", "எனக்கு எதுவானாலும் ஓகே" என்று ஒருவரை ஒருவர் மாட்டிவிடப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் காப்பகத்திலும் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

நாய் வேண்டும் என்றது டாக்டர். போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து படுக்கையில் கிடந்து எழுந்தார். காலையும் மாலையும் நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். கொஞ்ச நாள் நடந்தார். பிறகு கால் வலி என்றார், வெயில் என்றார். இப்போது ஜன்னலோர நாற்காலிதான் கதி. "ஒரு நாய் வளர்த்துப் பாருங்க, வீட்ல உக்கார விடாது" என்றார் டாக்டர்.

நான் "பெண்" என்று சொன்னால் பெண் நாய் வரும். நான்தான் அதைக் கூட்டிக்கொண்டு நடப்பேன். அப்பா ஜன்னலில் இருந்து எங்களைப் பார்ப்பார். மாலை வகுப்பும் போய்விடும். கணக்கியல் தேர்வு இன்னும் பாக்கி இருக்கிறது. அப்பாவின் உயிருக்குப் பக்கத்தில் தேர்வை வைத்து எழுதுகிறேனே, இது சரியா என்று தெரியவில்லை. அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.

ஆசிரியர் வந்துவிட்டார்.

மார்ச் 11, புதன். சாப்பாடு முடிந்து, சமையலறை மேசையில்.

வேலையில் என்னோடு சேர்ந்து விரிப்பு மடிக்கும் அக்காவிடம் யோசனை கேட்டேன். அவள் மூன்று நாய் வளர்த்தவள். விரிப்பின் இரண்டு முனையை அவளும் இரண்டு முனையை நானும் பிடித்துக்கொண்டு, கிட்டே வந்து, விலகி, மறுபடியும் கிட்டே வந்து மடிக்க வேண்டும். அதனால் பேச்சும் துண்டு துண்டாகத்தான் வரும்.

"பொட்டை நாய்னா வருஷத்துக்கு ரெண்டு தடவை பருவத்துக்கு வரும். தெருவுல இருக்கிற மாப்பிள்ளைங்க எல்லாம் உங்க வாசல்ல."

"ஆபரேஷன் பண்ணித்தான்க்கா தராங்க."

"அப்ப கல்யாணத் தொல்லை இல்ல. பொட்டை சமர்த்தா நடக்கும். போனோமா வந்தோமான்னு இருக்கும். முனையச் சரியாப் பிடி."

பிடித்தேன்.

"ஆண் நாய் இருக்கே, அது நடக்கறதே கிடையாது. கம்பம் கம்பமா நிக்கும். மோந்து பாக்கும், யோசிக்கும், காலைத் தூக்கி ஒரு கையெழுத்துப் போடும். அடுத்த கம்பத்துலயும் அதே கதை. எங்க வீட்டுக்காரருக்கு அதோட போயிட்டு வந்தாலே ரத்தம் கொதிக்கும்."

"ஆபரேஷன் பண்ணினாலுமா?"

"அதுக்கும் இதுக்கும் என்னடி? எங்கவன் சாகற வரைக்கும் ஒரு கம்பத்தையும் விடல."

பெண் நாய்தான் சரி என்று எனக்குப் பட்டது. செருப்பின் மேல் உட்கார்ந்ததற்காகத்தான் எனக்கு அப்படிப் படுகிறதோ என்றும் சந்தேகமாக இருந்தது. வீட்டில் என் விருப்பத்தைக் காட்டாமல் கேட்டதை மட்டும் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, "நீ படிச்சவ, நீயே சொல்லேன்" என்றாள்.

அண்ணன், "கணக்குப்பிள்ளை கூட்டிக் கழிச்சு வச்சிருக்கும். சும்மா நம்ம வாயைக் கிளறுது" என்றான். மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் எனக்கு இந்தப் பெயர்தான்.

"நீயே சொல்லேண்ணா" என்றேன்.

"நானா? ஊரெல்லாம் பார்சல் குடுத்துட்டு வர்றதுக்கே எனக்கு ராத்திரி ஆகுது. அம்மா சொல்லட்டும்."

"எனக்கு எதுவானாலும் சரிப்பா. குரைக்காம இருந்தாப் போதும்."

"அப்ப பூனை வாங்கிக்கலாம்."

"பூனை உங்கப்பாவ நடத்திக் கூட்டிட்டுப் போகுமாடா?"

எல்லோரும் அப்பாவைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தோம். அப்பா கை கழுவ எழுந்து போனார். எனக்கு அழுகைகூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. காலையில் போன் செய்து நானே ஒன்றைச் சொல்லிவிடுவது, தேர்வை அடுத்த வருடம் எழுதிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு பாத்திரம் கழுவப் போனேன்.

அப்பா இன்னும் சமையலறையில்தான் இருந்தார். குழாய்ப் பக்கத்தில் சாய்ந்து நின்றிருந்தார்.

"அந்தக் கம்பத்துக் கதை நெசமா?"

"எதுப்பா?"

"ஆண் நாய் நின்னு நின்னுதான் போகும்னியே."

"ஆமாப்பா. எரிச்சலா வருமாம். பெண்தான் ஒழுங்கா நடக்குமாம்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அதெல்லாம் கேக்கலப்பா. மோந்து முடிக்கிற வரைக்கும் நிக்கும்போல."

அவர் முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தெருமுனை வரைக்கும் போக முடியலம்மா. நடுவுல மூச்சு வாங்குது. ரெண்டு இடத்துல நின்னாத்தான் ஆகுது. மருந்துக் கடைப் பையன் இருக்கான்ல, நான் நின்னா நாற்காலியத் தூக்கிட்டு ஓடி வர்றான். 'உக்காருங்க சார், தண்ணி தரட்டுமா சார்'னு. கடையில இருக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. அந்தப் பையன நான் பள்ளிக்கூடத்துக்கு என் பஸ்ல ஏத்திட்டுப் போயிருக்கேன். படியில தொங்கினா எழுந்து வந்து திட்டுவேன்."

"அதனாலயா நிறுத்தினீங்க? கால் வலின்னு சொன்னீங்களேப்பா."

"நாய் நின்னா நானும் நிக்கலாம்ல. யாரும் நாற்காலி போட மாட்டான்."

நான் கையில் சோப்பு நுரையோடு நின்றேன். டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. எவ்வளவு நாளாக மென்று விழுங்கியிருக்கிறார்! நானும் அண்ணனும் அவரைச் சோம்பேறி என்று கேலி செய்தது நினைவுக்கு வந்தது.

"இவங்ககிட்ட மூச்சு வாங்கற கதையெல்லாம் சொல்லாதே" என்றார்.

"டாக்டர்கிட்டயாவது சொல்லணும்ப்பா. நான் கூட வரேன்."

"பாக்கலாம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம் உண்டு, இல்லை என்றும் உண்டு.

முன்னறைக்குப் போய் நின்றுகொண்டு அப்பா, "ஆண்" என்றார். பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல் ஒரே சொல்.

அண்ணன் போனிலிருந்து நிமிர்ந்தான். "அப்பா, சொன்னவங்கதான் செய்யணும். அப்புறம் என் தலையில கட்டக் கூடாது."

"அந்தச் சட்டத்தப் போட்டவனே நான்தான்டா."

"மழை வந்தா?" என்றாள் அம்மா.

"மழையிலயும்."

அம்மா நம்பாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவருடைய பழைய மழைக்கோட்டு எங்கே இருக்கிறதென்று பார்க்க அலமாரியைத் திறந்தாள். "ஏண்டி, ஆண் நாய் ரொம்ப இழுக்குமா?" என்று அங்கிருந்தே கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது.

இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்க வேண்டும். தேர்வு தப்பித்தது. அப்பா வாயைத் திறந்து ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஆனால் முதல் வாரம் நடப்பார், அதற்குப் பிறகும் நடப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. நடக்காவிட்டால் கயிறு யார் கைக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண் நாயை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். நேற்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது இங்கே வந்திருக்கும். அப்பா நாற்காலியிலேயே இருந்திருப்பார். சொல்லாமல் விட்டது தவறு என்று நேற்று எழுதினேன். இப்போது அதை என்னவென்று எழுதுவது? தெரியாததால் நேற்று எழுதியதைத் திருத்தவில்லை.

நாளை: வேலைக்குப் போகுமுன் காப்பகத்துக்குப் போன் செய்து, ஆண் என்று சொல்ல வேண்டும். பெண் நாயை எந்தக் காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்க வேண்டும். மதியம் அரை நாள் விடுப்பு எடுத்து, கழுத்துப்பட்டையும் கயிறும் வாங்கிக்கொண்டு, அப்பாவோடு போய் நாயைக் கூட்டிவர வேண்டும்.