மகளின் அறை

கல்லூரியில் வாயாடி என்று பெயர் வாங்கியவள், அயல்நாட்டுக்குப் படிப்புப் பயணம் வந்த இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டாள். அந்த நாட்டு மொழியில் அவளுக்குத் தெரிந்தது வகுப்பில் சொல்லிக்கொடுத்த நாலைந்து வாக்கியம்தான். தங்கிய வீட்டில் பல் டாக்டரும் அவர் மனைவியும் மட்டும். காலியாகக் கிடந்த அறையையும், குளிருக்கு அங்கிருந்த ஒரு ஸ்வெட்டரையும் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு மாலை மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சாவி போட்டுக் கதவைத் திறந்து ஓர் இளம்பெண் பெட்டியோடு உள்ளே வந்தாள். டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. அவர் மனைவியின் முகம் வெளிறிப்போனது.

"யார் இவ? அது என் ஸ்வெட்டர்."

முதல் பாடத்துக் கேள்வி என்பதால் வாயாடிக்குப் புரிந்துவிட்டது. வந்தவள் இந்த வீட்டு மகள் என்பதும் புரிந்தது. "நான் ஸ்டூடண்ட்" என்று திக்கித் திணறிச் சொல்லி, ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினாள்.

அந்தப் பெண் அதை வாங்காமல் பெட்டியோடு வாசலுக்குத் திரும்பினாள். பெற்றவர்கள் அசையவில்லை. போகாதே என்பதற்கு வார்த்தை தெரியாமல், வாயாடி ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிடு," என்றாள். அந்த நேரத்தில் வாயில் வந்தது அது ஒன்றுதான்.

மகள் சற்று நேரம் அவளை முறைத்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். அம்மா எழுந்து தட்டு எடுக்க அடுப்படிக்குப் போனாள்.

மகள் மெல்லக் கேட்டாள். "அம்மா என்னைப் பத்தி சொன்னாங்களா?"

அம்மா, சொல்வது இரண்டும் பாடத்தில் வந்த வார்த்தைகள் என்பதால் கேள்வி புரிந்தது. இப்படி ஒரு மகள் இருப்பதே வாயாடிக்கு இப்போதுதான் தெரியும்.

"சொன்னாங்க," என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.