ஒரு நாள் முன்னே போகும் கூடாரம்

மஹ்லகா பேகம் ரஜௌரியில் இறந்து அடக்கமான மறுநாள் பிற்பகல், நவ்ஷேராவில் பல்லக்கைவிட்டு இறங்கி, கூடாரத்தின் வாசல் வெயிலைப் பார்த்திருப்பதாகக் குறை சொன்னார். வாசலை வடக்கே திருப்பியதாகவும், பேகத்துக்கு வெந்நீரும் முலாம்பழமும் கொடுத்ததாகவும் கூடார அதிகாரி துராப் பேக் எழுதிய கடிதம், ரஜௌரியில் தங்கையான சபீஹா பேகத்தின் கைக்கு வந்தபோது, அக்காவைக் குளிப்பாட்டிய கற்பூர வாசனை அந்தக் கையைவிட்டு இன்னும் போகவில்லை.

இருவரும் பாதுஷாவின் சகோதரிகள். கோடை முடிந்து பரிவாரம் காஷ்மீரிலிருந்து லாகூருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மூத்தவருக்குத் தூசி ஆகாது. யானைகளும் ஒட்டகங்களும் கிளப்பும் புழுதிக்கு முன்னே போய்விட வேண்டும் என்று, தன் கூடாரத்தைத் துராப் பேக்கிடம் கொடுத்து எப்போதும் ஒரு நாள் முன்னே தங்குவார். ரஜௌரியில்தான் முதல்முறையாகக் காய்ச்சலால் பின்தங்கினார். கூடாரம் அவர் இல்லாமல் முன்னே போயிருந்தது. மூன்று நாள் கழித்துப் பல்லக்கு வந்ததும் துராப் பேக் எதையும் சந்தேகிக்கவில்லை. அந்தப்புரப் பல்லக்கு வந்தால் ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து வரும் குரல்தான் பேகம். அந்தக் குரல் அவரை ஏசியது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அரச குடும்பத்தில் சாவை யாரும் வாயால் சொல்வதில்லை. ஒருவர் மணிக்கட்டில் நீலக் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்பார், பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்கள். நவ்ஷேராவுக்கும் அப்படி ஒருவர் புறப்படவிருந்தார். சபீஹா பேகம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு அந்த ஆளைக் கூப்பிட்டனுப்பி, கைக்குட்டையை அவிழ்த்து வாங்கித் தன் நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

பரிவாரம் நவ்ஷேராவை அடைந்தபோது துராப் பேக்கின் ஆட்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு பிம்பருக்குப் போயிருந்தார்கள். கூடாரம் நின்ற இடத்தில் புல் சதுரமாகப் படுத்திருந்தது. வாசல் இருந்த பக்கம் வடக்கு. சதுரத்துக்குள் முலாம்பழ விதைகள், வெற்றிலைக் காம்புகள், மருதாணிச் சிவப்பேறிய ஒரு நீள முடி. சபீஹா பேகம் முடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார். அன்று மாலை வந்த கடிதத்தில் மூத்தவர் சொன்னதைத் துராப் பேக் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அப்படியே எழுதியிருந்தார்: "சபீஹா இன்னும் தலை சீவிக்கிட்டுத்தான் இருக்காளா? இன்னிக்காவது வருவாளா, இல்ல அடுத்த ரம்ஜானுக்குத்தானா?" இது மூத்தவரின் பழைய கேலி. இளையவர் எதற்கும் தாமதம்.

சபீஹா பேகம் தானே போக நினைத்தார். முதலில் தோழி குல்சினைக் குதிரையில் அனுப்பினார். பிணத்தைக் குளிப்பாட்டியபோது தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். இரண்டாம் நாள் திரும்பி வந்தாள்.

"நான் வாயே திறக்கலைங்க. திரைய விலக்கினேன், காலி. வெட்டின பழம் தட்டுல இருக்கு, தலையணையில பள்ளம் இருக்கு, ஆளு மட்டும் இல்ல. துராப் பேக்கு, இப்பத்தானே அதட்டினாங்கன்னு முழிக்கிறாரு."

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளோ?"

"கோவிச்சா சும்மா போற ஆளா அவங்க? யார் மேலயாவது செருப்ப வீசிட்டுல்ல போவாங்க."

குல்சின் கிளம்பிக் கால்மைல் தாண்டியதும், கூடாரத்துக்குள் குரல் மறுபடி கேட்டதாகக் கடிதம் சொன்னது. சபீஹா பேகத்துக்குப் புரிந்தது. சாவை அறிந்தவர் அங்கே போனால் சாவும் கூடவே போகிறது. கைக்குட்டை கட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. உலகத்தில் எல்லோரையும்விட அதை நன்றாக அறிந்தவர் சபீஹா பேகம். அவர் போகவில்லை. அதற்குப் பிறகு கடிதங்களும் பழக்கூடைகளும், விவரம் தெரியாத ஊர்க்காரர்கள் கைவழியே போய்வந்தன.

லாகூரில் சிக்கல் வந்தது. பாதுஷா குளிர்காலம் முழுக்கக் கோட்டையில் தங்கப்போவதாக அறிவித்தார். கூடாரங்களைச் சுருட்டிக் கிடங்கில் வைக்கவும் ஆட்கள் நகரத்துக்குள் வரவும் உத்தரவானது. நகரத்துக்குள் வந்தால் முதல் ரொட்டிக்கடையிலேயே துராப் பேக்குக்குச் செய்தி தெரிந்துவிடும். சபீஹா பேகம் அன்றே தன் முத்திரையை வைத்து இன்னொரு உத்தரவு எழுதினார்: நகரத்தைத் தொடாமல் முல்தான் சாலையில் போகவும், எந்த ஊருக்குள்ளும் நுழைய வேண்டாம், பரிவாரம் பின்னால் வருகிறது. அந்தப்புர மேற்பார்வையாளர் வந்து, இல்லாதவருக்கு எதற்குக் கூடாரம் என்று பணிவாகக் கேட்டார்.

"இல்லாதவங்கன்னு யார் சொன்னா? முன்னாடி போயிருக்கா," என்றார் சபீஹா பேகம்.

விஷயம் பாதுஷாவிடம் போனது. அவர், மழை வந்தால் கூடாரத்துக்கு எண்ணெய்த்துணி போதுமான அளவு இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார்.

கூடாரம் முல்தான், தட்டா, அஜ்மீர், புர்ஹான்பூர் என்று போய்க்கொண்டே இருந்தது. உழவர்களுக்கு அது பழகிவிட்டது. பிற்பகலில் ஒற்றைக் கூடாரம் எழும்பும், உள்ளேயிருந்து ஒரு பெண் அதட்டுவாள், காலையில் சதுரம் மட்டும் இருக்கும். அந்தச் சதுரத்தில் அடுத்த போகம் கொத்துமல்லி நன்றாக வரும். பரிவாரம் எங்கே என்று கேட்டால், நாளைக்கு வரும் என்பார்கள். இரண்டு பாதுஷாக்கள் மாறினார்கள். துராப் பேக்கின் தாடி நரைத்தது. திரைக்குப் பின்னால் குரல் நரைக்கவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் அதே கேள்வி இருந்தது. பதிலுக்கு, வந்துகொண்டிருக்கிறேன் என்று சபீஹா பேகம் எழுதினார். முப்பத்தொரு வருடம் அதையே எழுதினார். சீவுவதற்குத் தலையில் முடி குறைந்துகொண்டு வந்தது. நாள் தவறாமல் சீவினார்.

ஐம்பத்தெட்டாம் வயதில் மறதி தொடங்கியது. முதலில் கிளிகளின் பெயர்கள் போயின. பிறகு நடப்புப் பாதுஷாவின் பெயர். குல்சின் பக்கத்திலேயே இருந்து, எது போகிறது எது மிஞ்சுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பங்குனிக் காலையில் சபீஹா பேகம் எழுந்து உட்கார்ந்து, விரலில் சுற்றியிருந்த சிவப்பு முடியை அவிழ்த்துப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டு, ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டார். ரஜௌரியும் நினைவிலிருந்து போய்விட்டது என்று குல்சினுக்குத் தெரிந்தது.

"அக்கா எங்கடி?"

குல்சின் சீப்பை எடுத்து நீட்டினாள். "முன்னாடி போயிட்டாங்க."

"என்னை எழுப்ப மாட்டியா? கேலி பண்ணியே கொல்லுவாளே. பல்லக்கைக் கட்டச் சொல்லு."

கூடாரம் அப்போது அஜ்மீர் சாலையில் இருந்தது. இருபத்துமூன்று நாள் பயணம். பல்லக்குத் தூக்கிகள் எல்லோரும் சின்ன வயதுக்காரர்கள், எதுவும் அறியாதவர்கள். குல்சின் அப்படிப் பார்த்துத்தான் பொறுக்கியிருந்தாள். கடைசி மேட்டில் அவள் நின்றுகொண்டாள், காலில் முள் குத்திவிட்டது என்று சொல்லி. பல்லக்கு இறங்கிப் போவதைப் பார்த்தாள். கூடாரத்தின் வாசல் வடக்கே இருந்தது. துராப் பேக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரை உள்ளேயிருந்து விலகியது. மேட்டிலிருந்து பார்த்தவளுக்கு அங்கே யாரும் தெரியவில்லை. சபீஹா பேகம் குனிந்து உள்ளே போனார். அதன் பிறகு இரண்டு பெண்கள் வெகுநேரம் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள் என்று தூக்கிகள் சொன்னார்கள். மேட்டில் காற்று மட்டும்தான் கேட்டது.

லாகூர் கோட்டையில் சபீஹா பேகத்துக்காக யாரும் நீலக் கைக்குட்டை கட்டவில்லை. குல்சின் நகைப்பெட்டியைத் திறந்து பழையதை எடுத்து, நீள நீளமாகக் கிழித்து விளக்குத் திரியாக்கினாள். அடுத்த மாதம் துராப் பேக்கின் கடிதம் வந்தது: இளைய பேகம் தாமதமாக வந்து சேர்ந்தார், கூடாரம் சிறியது, பெரியது அனுப்பவும். அனுப்பினார்கள்.