காயமே இல்லாத பட்டறை

எல்லோரும் ஒரே குரலில் நல்லபடியாக நடக்கிறது என்று சொன்னால் திலகவதிக்குச் சந்தேகம் வந்துவிடும். தொழில் கொடுத்த வியாதி அது.

சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் திட்டங்களை எடைபோடுகிற வேலை அவளுக்கு. திட்டம் பலித்ததா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துபோகிறவர்கள் உண்டு. அவள் பழகியது யதார்த்தவாத மதிப்பீடு என்ற முறை. யாருக்குப் பலித்தது, எந்தச் சூழலில் பலித்தது, மனிதர்களுக்குள் எதைக் கிளப்பிவிட்டதால் பலித்தது, எங்கே பலிக்காமல் போகும் என்று குடைந்துகொண்டே போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரையும் இப்படித்தான் குடைந்தாள் என்று அவள் அம்மாவுக்கு இன்றுவரை ஆற்றாமை.

அப்பா பரமசிவம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நெய்வேலிச் சுரங்கத்தில் பெர்மனன்ட் ஆனவர். டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பட்டறை மதிப்பீடு கேட்டபோது, தங்குவதற்கு அப்பாவின் குவார்ட்டர்ஸ் இருக்கிறதே என்று நிறுவனம் அவளையே அனுப்பிவிட்டது.

கன்வேயர் பெல்ட்டுகளைத் தாங்கும் இரும்பு உருளைகளைப் பழுதுபார்க்கும் பட்டறை. எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள், கேங் கேங்காக வேலை. கை நசுங்குவதும் கால் நசுங்குவதும் அங்கே சகஜமாக இருந்தது. மேனேஜர் சுபாஷ் ஒரு திட்டம் கொண்டுவந்தார். மாதம் முழுக்க அடிபடாத கேங்குக்கு ஆளுக்கொரு குக்கரோ மிக்ஸியோ பரிசு. ஒருவனுக்கு அடிபட்டாலும் அந்த கேங் மொத்தத்துக்கும் கேட் பாஸ் புதுப்பிக்கப்படாது, வேலை போய்விடும். அவ்வளவுதான், பட்டறையில் காயம் என்ற பேச்சே நின்றுபோனது. இதை மற்ற பட்டறைகளுக்கும் பரப்ப வேண்டும், அதற்குத்தான் அறிக்கை.

அவளுடைய முறையில் பேட்டி எடுப்பதே கொஞ்சம் விநோதம். தன் ஊகத்தை முதலில் எதிராளியிடம் சொல்லிவிட்டு, தப்பு இருந்தால் திருத்துங்கள் என்று கேட்க வேண்டும்.

"பரிசுக்காக ஒருத்தரை ஒருத்தர் கவனமா பாத்துக்கிறீங்க. அதனாலதான் அடிபடறதில்லை. சரிதானா?" என்று கேட்டாள்.

"சரிதாங்க" என்றார் மேஸ்திரி சாமிக்கண்ணு. கேங்கே தலையாட்டியது. குவார்ட்டர்ஸிலிருந்து வந்த மேடத்தை எதிர்த்துப் பேசி யாருக்குப் பழக்கம்? திலகவதி நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவர்கள் ஷிஃப்டில் இருந்த நேரமாகப் பார்த்து முத்தாண்டிக்குப்பத்துக்குப் போனாள். கேங் மொத்தமும் அந்த ஊர்தான். கேங்கில் ஒருவனான ஜாகிரின் மனைவி நசீமா டீ போட்டுக் கொடுத்தாள்.

"இப்பல்லாம் உங்க வீட்டுக்காரர் பயமில்லாம வேலைக்குப் போறார், இல்லையா?"

"தப்புங்க" என்றாள் நசீமா பட்டென்று. அவளைத் திருத்திய முதல் ஆள். "பயந்துகினுதான் போறாரு. மிஷினப் பாத்து இல்லீங்க, கூட வேல செய்யறவங்களப் பாத்து. யாருக்காச்சும் அடிபட்டா ஆஸ்பத்திரிக்குப் போவ வுட மாட்டாங்க. போனா அத்தினி பேரு பாஸும் போச்சே. வூட்லயே கட்டு கட்டி, மறுநாளு ஆளத் தாங்கிகினு போயி கேட்டுல கையெழுத்துப் போட வெச்சி, ஓரமா குந்த வெச்சிடுவாங்க." சொல்லி முடித்த பிறகுதான் வாசலை எட்டிப் பார்த்தாள். "எம் பேரு வராதுல்லங்க?"

"சத்தியமா வராது."

வரவும் இல்லை. பேர் இல்லாமல், ஊர் இல்லாமல் அறிக்கை எழுதினாள். ஒரே ஊர் ஆட்கள் என்பது சூழல், ஒருவருக்கொருவர் பயப்படுவது உள்ளே ஓடும் விசை, மறைக்கப்படும் காயங்கள் விளைவு. எங்கே பலிக்காது என்றும் எழுத வேண்டுமே. 'அடிபட்டவரின் வீட்டுப் பெண்கள் பேசத் தொடங்கும் இடத்தில் இந்த மௌனம் உடைகிறது' என்று எழுதினாள். அந்த வாக்கியத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட. படித்ததும் சுபாஷ் முகம் செத்துப்போகும், திட்டத்தைக் கைவிடுவார் என்று நம்பினாள். பாவம், படித்தவள்.

சுபாஷ் பென்சிலால் கோடிட்டுக் கோடிட்டுப் படித்தார். பிறகு சிரித்தார்.

"பிரமாதம் மேடம். இது ஏன் வொர்க் ஆகுதுன்னு எனக்கே தெரியாது. இன்னொரு பட்டறையில செஞ்சு பாத்தோம், எடுபடலை. அங்க பல ஊர்க்காரங்களக் கலந்து போட்டிருக்கோம். அதுதான் கோளாறு, இல்லையா?"

"சார், அடிபடறது குறையலை. மறைக்கிறாங்க. ஒருநாள் யாராவது செத்துப்போவாங்க."

"ரிஜிஸ்டர்ல வர்றதுதான் மேடம் எனக்குக் காயம்." குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்க மெத்தடை எங்க சூப்பர்வைசர்களுக்கும் ஒருநாள் சொல்லிக் குடுங்களேன்."

முடியாது என்று எழுந்து வந்துவிட்டாள். சென்னைக்குப் போன் போட்டுத் தன் இயக்குநரிடம் கொதித்தாள். அறிக்கை அவர்கள் சொத்து என்றார் அவர். இவ்வளவு ஊன்றிப் படித்த வாடிக்கையாளரைத் தான் பார்த்ததே இல்லை என்றும் சொன்னார்.

பலாப்பழம் ரோட்டோரம் குவியத் தொடங்கிய சமயத்தில், அவள் லீவில் அப்பா வீட்டுக்கு வந்திருந்தபோது, நசீமாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அவரு கை உருளையில மாட்டி நசுங்கிப்போச்சி. காச்சலு அனலா கொதிக்குது. பேத்துறாரு. என்னைய..." போன் வெடுக்கென்று பிடுங்கப்பட்டதுபோல் நின்றது. திரும்ப அழைத்தால் அணைத்து வைத்திருந்தார்கள்.

அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேகாத வெயிலில் பறந்தாள். நசீமா வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மேஸ்திரியின் மனைவி பொற்கொடி.

"வாங்க மேடம்" என்றாள் வாஞ்சையாக. "இப்பல்லாம் யாருக்கு முடியலன்னாலும் அவங்க வூட்டுக்கு நாங்க தொணைக்கு வந்துருவோங்க. சுபாஷ் சாரு சொல்லி அனுப்பினாரு. பொம்பளைங்க தனியா இருந்தா மனசு தடுமாறி எதனா பேசிடுவாங்களாம்."

திலகவதி எழுதிய வாக்கியம், வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தது.

உள்ளிருந்து முனகல் கேட்டது. அவள் நுழையப் போனாள். வாசல் சட்டத்தில் கையை நீட்டி மறித்தது நசீமாவேதான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"போயிருங்க. உங்களாண்ட ஒரு வார்த்த சொன்னேன். அதுக்கு என்ன ஆச்சின்னு பாத்தீங்கல்ல?"

அவள் தோளுக்கு மேலாக ஜாகிர் தெரிந்தான். வலது கை முழங்கைவரை கருநீலமாக வீங்கியிருந்தது, கட்டியிருந்த துணியிலிருந்து நாற்றம் வந்தது. இன்னும் தாமதித்தால் கையோடு போகாது, உயிரே போய்விடும். திலகவதி போனை எடுத்து 108-ஐ அழைத்தாள்.

பெண்கள் எழுந்துவிட்டார்கள். பொற்கொடி கையெடுத்துக் கும்பிட்டாள். "அத்தினி குடும்பம் மேடம். அத்தினி வூட்டு அடுப்பு." மற்றவர்கள் வாசலை நெருக்கி அடைத்து நின்றார்கள். வண்டி வந்தாலும் அந்தச் சுவரைத் தாண்டி ஸ்ட்ரெச்சர் உள்ளே போகாது.

"சொல்லுங்க மேடம், எப்படி அடிபட்டுச்சு? எங்க வெச்சு?" என்றது போனில் ஒரு குரல்.

அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். நசீமாவும் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் ஜாகிர் இங்கேயே கிடப்பான். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருவன் அதே உருளையில் மாட்டுவான், அவன் வீட்டிலும் பெண்கள் போய் உட்காருவார்கள். இந்தப் பயம் எப்படி வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு, அது தொண்டையில் கைவைத்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வீட்டுலதாங்க. தண்ணி மோட்டார்ல கை மாட்டிக்கிச்சு" என்றாள்.

குரல் பிசிறவே இல்லை. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பெண்கள் மளமளவென்று விலகினார்கள். இரண்டு பேர் உள்ளே ஓடி ஜாகிரைத் தாங்கிப் பிடித்தார்கள், ஒருத்தி சுத்தமான துணி தேடினாள், இன்னொருத்தி வண்டிக்கு வழிகாட்ட ரோட்டுக்கு ஓடினாள். பொற்கொடி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து திலகவதியிடம் நீட்டினாள்.

"டாக்டரு கேட்டாலும் இதையே சொல்லிடுங்க மேடம். மாத்திச் சொல்லிடாதீங்க."

திலகவதி தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, சரி என்றாள்.