கிட்டே போனால் மெதுவாகும் கை

“நாப்பத்தியொரு தடவை. நேத்து மட்டும்.”

“அவ்வளவெல்லாம் இருக்காது மேடம்.”

“நான் எண்ணலண்ணா, அந்த ரோபோ கை மெஷினே எண்ணியிருக்கு. நீங்க கிட்ட போனா வேகத்தைக் குறைச்சுக்குது. குறைக்கிற ஒவ்வொரு தடவையும் நேரத்தோட பதிஞ்சு வெச்சுக்குது. இருநூறு குப்பி முடியவேண்டிய இடத்துல நூத்தி நாப்பதுதான் முடிஞ்சிருக்கு. எதுக்குக் கிட்ட போறீங்க?”

“குப்பி ஏதாவது சாஞ்சிருக்கான்னு பாக்க.”

“சாஞ்சுதா?”

“இல்ல.”

“நாப்பத்தியொரு தடவையுமா?”

சொட்டுவின் முகத்தில் ஈ ஆடவில்லை. இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கரைசலைச் சொட்டு பிசகாமல் அளந்ததால் வந்த பட்டப்பெயர் அது. எதிரே நின்ற ஆய்வகத் தலைவிக்கு அவர் மகள் வயதுதான். அதட்டத் தெரியாதவள்; அதனாலேயே அவளிடம் பொய் சொல்வது கஷ்டமாக இருந்தது.

அவள் ஒரு தாளை மேசையில் வைத்தாள். “காரணம் எழுதிக் குடுத்துருங்க. உருப்படியான காரணம் இல்லன்னா வெள்ளிக்கிழமை அதைச் சுத்திக் கண்ணாடிச் சுவர் வெச்சிருவாங்க. அப்புறம் நீங்க மாடி ரூம்ல உக்காந்து திரையில பாத்தாப் போதும். நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்.”

அவள் போன பிறகு அறையில் ரோபோ கையின் சத்தம் மட்டும் இருந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் யாரோ தையல் மெஷின் ஓட்டுவது போல ஒரு முணுமுணுப்பு.

அதற்கு வேலை பழக்கியவர் அவர்தான். குழந்தையின் கையைப் பிடித்து எழுதச் சொல்லித் தருவதுபோல, அதன் மணிக்கட்டைப் பிடித்து ஒவ்வொரு அசைவாக நடத்திக் காட்டினார். கடைசிச் சொட்டைக் குப்பியின் உள்விளிம்பில் தொட்டு விடுகிற அவருடைய பழக்கம்கூட அதற்கு அப்படியே வந்துவிட்டது.

“இந்த இரும்பு மருமகன் வாயே தொறக்க மாட்டான். குடுத்து வெச்சவன்யா நீ” என்றார் அப்போது கூட்டாளி.

கூட்டாளி ஒன்பது வருடம் அவர் பக்கத்து ஸ்டூலில் இருந்தவர். மருந்து சோதனையில் ஒருவர் அளந்தால் இன்னொருவர் பக்கத்திலிருந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இன்னொருவர் கூட்டாளிதான்.

“உன்னை மொறச்சுப் பாக்குறதுக்கு எனக்குச் சம்பளம் மாப்ள. உன் சம்சாரம்கூட உன்னை இவ்வளவு பாத்திருக்காது” என்பார். வாய் ஓயாது. அளக்கும்போது மட்டும் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்.

மெஷினோ தான் அளந்ததைத் தானே எடை பார்த்து, படம் பிடித்து, பதிவும் செய்துகொண்டது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம் என்றானது. கூட்டாளியை வேறு ஊர்க் கிடங்குக்கு மாற்றினார்கள். முதல் வாரம் தினமும் போன் வந்தது. பிறகு காலை வணக்கப் படம். பிறகு அதுவும் நின்றது. வீட்டிலும் ஆள் இல்லை. பேரனைப் பார்த்துக்கொள்ளப் போன மனைவி, மகளோடே இருந்துவிட்டாள். போன் செய்தால் பேரன் அழுகிற சத்தத்துக்கு நடுவே, “சாப்டீங்களா? அப்புறம் பேசறேன்” என்பாள்.

அந்த நாட்களில் ஒருநாள், சிந்திய தண்ணீரைத் துடைக்க மெஷினுக்குக் கிட்டே போனார். பறந்துகொண்டிருந்த கை சட்டென்று நிதானமானது. பேசிக்கொண்டிருக்கிறவர்கள் அறைக்குள் ஆள் வந்ததும் குரலைத் தாழ்த்துவார்களே, அப்படி. அவர் ஓரடி பின்னால் போனார், வேகமெடுத்தது. முன்னால் வந்தார், தயங்கியது. அடி பட்டுவிடக் கூடாதென்று வைத்த ஏற்பாடு என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அன்று நான்கு தடவை போனார்.

தாளை எடுத்தார். ‘காரணம்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார். மனசு எங்கேயோ இருக்க, கை எழுதிவிட்டது:

பக்கத்தில் போனால் அது என்னைக் கவனிக்கிறது.

எழுதி முடித்த பிறகுதான் படித்தார்.

அங்கே எழுதியதை அழிக்க வழியில்லை. வெள்ளை மை ஆய்வகத்துக்குள்ளேயே வரக் கூடாது. தாளுக்கெல்லாம் எண் உண்டு. கிழித்தால் அதற்கும் ஒரு தாளில் காரணம் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் கையெழுத்து, தேதி. புதிதாகச் சேர்கிறவர்கள் கிறுக்கி அடித்தால் அவரே எத்தனை தடவை கடிந்திருக்கிறார்!

ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். கையெழுத்து, தேதி. கீழே, ‘குப்பிகளின் நிலையைச் சரிபார்க்க’ என்று எழுதினார். கோட்டுக்கு அடியில் முதல் வரி பளிச்சென்று இருந்தது.

நாலு மணிக்கு அவள் வந்தாள். நின்றபடியே தாளைப் படித்தாள். அவள் கண் எந்த வரியில் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. தலையை நிமிர்த்த அவளுக்கு நேரமானது.

“இது…” என்றாள்.

“தப்பா எழுதிட்டேன். அதான் கோடு போட்டிருக்கேன்.”

“தப்பாவா எழுதுனீங்க?”

அவர் ஸ்கேலை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தார். அவள் கிளம்பவில்லை.

“மேடம்,” என்றார். மெஷின் பக்கம் கை காட்டினார். “காலையில அது பாட்டுக்கு ஓடட்டும். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். சுவர் மட்டும் வேணாம். சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் நான் கிட்ட நிக்கறேன், அது மெதுவாவே ஓடிட்டுப் போகட்டுமே, மேடம்?”