முன்னால் 46, பின்னால் 54

காலிச் சவப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, சுவருக்கும் வாசலில் நின்ற வேனுக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைத்தார்கள். முன்னால் பிடித்தவன் வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். பின்னால் பிடித்திருந்த பிண வண்டி டிரைவர் பாதியில் நின்று, சந்தின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

"உள்ளே போறப்ப சாய்ச்சுடலாம் ஐயா," என்றார். "திரும்பி வர்றப்ப சாய்க்க முடியாதே."

இறந்தவரின் தம்பி சின்னவர் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். கேட்டிலிருந்து வீட்டுக் கதவுவரை இருக்கும் ஒரே வழி அதுதான். அந்த வழியை அடைத்துக்கொண்டு அண்ணனின் வண்டி இரண்டு வருடமாக நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதும் சரியில்லை. சக்கரம் இல்லாமல் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாளும் எல்லோரும் உடம்பை ஒருக்களித்துத்தான் வீட்டுக்குள் போய் வந்தார்கள். இன்று காலை ஐந்து மணிக்கு டாக்டரும் அப்படித்தான் வந்தார். நாடியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுதிக் கொடுத்தார், ஒருக்களித்துத் திரும்பிப் போனார்.

"பின்னாடி வழி கிடையாதா?" என்று டிரைவர் கேட்டார்.

"பின்னாடி சுவரு. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தன் சமையல்கட்டு."

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். படிக்கட்டு தடுத்திருக்கு, நாய் தடுத்திருக்கு, சொந்தக்காரங்க தடுத்திருக்காங்க. வண்டி தடுத்தது இதான் முதல் தடவை." டிரைவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு எனக்கு இன்னொரு இடம் இருக்குங்க. இதை நகர்த்தினாத்தான் உண்டு."

மணி மூன்று ஆகியிருந்தது.

அண்ணன் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டினார். பதினேழாம் நம்பர். டிப்போவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டிப்போ. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை. வேறு எந்த ரோட்டையும் அவர் பார்த்ததில்லை. வேலை முடிந்து, அண்ணியும் போன பிறகு, மலைப்பக்கம் மின்கம்பம் பழுது பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பழைய வேனை ஏலத்தில் எடுத்தார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. உள்ளே கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், தண்ணீர்த் தொட்டி வைத்தார், ஜன்னல் அறுத்தார். எல்லாம் தன் கையால். டயரையும் ரிம்மையும் மட்டும் தம்பியிடம் விட்டார்.

சின்னவர் நாற்பது வருடம் டயர் கடையில் வேலை செய்தவர். யார் எந்த டயரைக் கொண்டுவந்தாலும் அதில் ஒரு குறை சொல்லாமல் விடமாட்டார் என்பதால் கடையில் அவருக்கு ஓட்டை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அண்ணனே மறந்துவிட்டார். வேனின் பழைய சக்கரங்களைப் பார்த்ததுமே, இதில் நூறடிகூட உருட்டாதே என்று சொல்லி, நான்கையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டவர் அவர்தான்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு கடை. இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் ஏறிப் போவார்கள்.

"டேய் ஓட்டை, பளபளன்னு எவ்வளவு நல்லா இருக்கு பாரு. இதுல என்னடா ஓட்டை?"

"அலாய் ரிம்மு. கல்லுல இடிச்சா விரிசல் விடும். இரும்புன்னா சுத்தியால தட்டி நிமிர்த்திக்கலாம்."

"சரி, இரும்பே பாப்போம்."

அடுத்த மாதம் இரும்பு ரிம் கிடைத்தது. டயர் சரியில்லை.

"இது சேத்துல ஓட்டுற டயரு. கட்டை கட்டையா இருக்கு பாரு. தார் ரோட்டுல ஊளையிடும். நீ எந்நேரமும் சேத்துலயா உழப்போற?"

அதற்கடுத்த கடையில் டயர் சரியாக இருந்தது. சின்னவர் குனிந்து டயரின் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் தடவி, முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் கண்டுபிடித்தார்.

"எத்தனாவது வாரம், எந்த வருஷம் செஞ்சான்னு போட்டிருக்கான், படி. ஆறு வருஷமா கடையில படுத்துக் கிடந்திருக்கு. ஓடினாத்தான் டயரு போகும்னு நினைக்காதே. சும்மா கிடந்தாலும் செத்துடும்."

"நம்மள மாதிரின்னு சொல்லு," என்று அண்ணன் சிரித்தார். கடைக்காரன் சிரிக்கவில்லை.

இன்னொன்று உயரம் அதிகம், வளைத்தால் உரசும். இன்னொன்று பாரம் தாங்காது. சின்னவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அதனால்தான் யாராலும் அவரை மறுத்துப் பேச முடியவில்லை. ஆனால் சக்கரம் மாட்டினால் அண்ணன் போய்விடுவார் என்பதும் பொய்யில்லை. மாடி அறையில் தனியாக இருக்கும் சின்னவருக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. காலையில் கீழே இறங்கி வந்தால் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்க ஒரே ஆள்தான். அந்த ஆளை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்புவதற்குத் தன் கையாலேயே நட்டு முறுக்க வேண்டுமா? அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை. அடுத்த கடைக்குப் போய் அடுத்த ஓட்டையைக் கண்டுபிடித்தார், அவ்வளவுதான்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்புவார். கியர் போட்டதும் சக்கரம் இல்லாத நான்கு முனைகளும் காற்றில் சுற்றும். "பதினேழாம் நம்பர் புறப்படுது, படியில நிக்காதீங்க," என்று கத்துவார். கால் மணி நேரம் கழித்து அணைத்துவிட்டு இறங்கி வருவார். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகும் இதை விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை.

"சித்தப்பா."

அண்ணனின் மகள் கதவருகில் நின்றாள். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள், இரண்டு தெரு தள்ளி வீடு. காலையிலிருந்து அழுது முடித்து முகம் காய்ந்திருந்தது.

"சக்கரம் இருக்கு சித்தப்பா."

"எந்தச் சக்கரம்?"

"இந்த வண்டிக்கு. எங்க வீட்டு ஷெட்டுல. எட்டு மாசமா இருக்கு. நீங்க கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தப்ப அப்பா வாங்கினாரு."

"யாரைக் கேட்டு வாங்கினான்?"

"உங்களைக் கேட்டுத்தான். நீங்க கடை கடையா சொன்னதையெல்லாம் எழுதி வெச்சிருந்தாரு."

"அப்புறம் ஏன் மாட்டலை? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"நான் சொன்னேன். அவன்தான் மாட்டணும், அவனா மாட்டுவான், நாம கேட்கக் கூடாதுன்னாரு." அவள் வேனைத் திரும்பிப் பார்த்தாள். "மாட்டினப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு சொல்லிட்டிருந்தாரு. என்னன்னு எங்கிட்ட சொல்லலை."

சின்னவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"உன் புருஷனைக் கொண்டாரச் சொல்லு."

அவள் புருஷன் ஒரு சின்ன லாரியில் கொண்டுவந்து இறக்கினான். அட்டைகூடப் பிரிக்காமல், மேலே அண்ணன் கையால் முன், பின் என்று எழுதிய நான்கு சக்கரம். சின்னவர் அட்டையைக் கிழித்தார். இரும்பு ரிம், கறுப்புப் பெயின்ட். தட்டிப் பார்த்தார், மணி மாதிரி கேட்டது. டயரின் கட்டைகளுக்கு நடுவில் விரல் நுழைத்தார். மண் ரோட்டுக்கும் ஆகும், தார் ரோட்டுக்கும் ஆகும் என்று அவர் சொன்ன அதே நடுத்தரம். பக்கச் சுவரைத் தடவினார். போன வருடம் நாற்பத்தோராவது வாரம். நான்கிலும் அதே வாரம். கடைக்காரன் ஒன்றையாவது பழசாகக் கலந்திருப்பான் என்று இரண்டாவது தடவையும் பார்த்தார். கலக்கவில்லை.

பிறகு பாரத்தின் எண்ணைப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. ஒரு டயர் ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல் தாங்கும்.

"இந்தா, இங்கேதான் தலையில கட்டிட்டான்," என்றார். குரலில் ஏறக்குறைய சந்தோஷம் இருந்தது. "நான் சொன்னது நூத்தி நாலு. ஒரு ஆளு, ஒரு கட்டிலு, ஒரு அடுப்பு. அதுக்கு எதுக்கு இவ்வளவு? சவாரி கல்லு மாதிரி இருக்கும். நான் இல்லாம போனா இப்படித்தான். எவனையாவது நம்புவான்."

"ஐயா, இப்போ கேட்டைத் தாண்டினாப் போதும்," என்றார் பிண வண்டி டிரைவர்.

வீல் நட்டுகளை அண்ணன் வண்டிக்குள் எங்கோ பத்திரப்படுத்தியிருந்தார். சின்னவர் பின்கதவைத் திறந்து ஏறினார். உள்ளே பிளைவுட் வாசனை. கட்டில்மேல் போர்வை நான்காக மடித்திருந்தது. இந்தப் பக்கம் சாமான் வைக்க என்று அண்ணன் சொல்லியிருந்த நீளப் பலகை, கீலில் மடங்கிச் சுவரோடு சாய்ந்திருந்தது. அடுப்புக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தார். பிஸ்கட் டப்பாவில் நட்டுகள், எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி. அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. பஸ் டிரைவரின் சாய்ந்த கையெழுத்து.

தண்ணீர் 80
கட்டில் 40
அடுப்பு, சிலிண்டர் 30
நான் 62
பலகைக் கட்டில் 35
இன்னொரு கேன் தண்ணீர் 40
அவன் டூல்ஸ் 60
அவன் 81

அதற்குக் கீழே கோடு போட்டு, காற்று: முன்னால் 46, பின்னால் 54.

சின்னவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தார். போன மழைக்காலத்தில் அண்ணனை டாக்டரிடம் கூட்டிப்போனபோது, எடை பார்க்கும் மெஷினில் அண்ணன் ஏறி இறங்கிவிட்டு அவரையும் பிடித்து ஏற்றினார். "ஏறுடா, தொப்பை எவ்வளவு பாரம்னு பாப்போம்." எண்பத்தொன்று என்றது மெஷின். நர்ஸ் திட்டினாள். அண்ணன் சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டின் பின்னால் என்னவோ குறித்துக்கொண்டார்.

மடங்கியிருந்த பலகையைச் சின்னவர் கையால் இழுத்தார். அது சத்தமில்லாமல் இறங்கி, காலூன்றி நின்றது. அண்ணனின் கட்டிலைவிட அரையடி குட்டை. அகலம் அதிகம். அவர் அதை மறுபடி மடக்கிச் சுவரோடு சாய்த்தார்.

"கிடைச்சுதா சித்தப்பா?"

"கிடைச்சுது."

இறங்கி வந்து யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொரு மூலையாக ஜாக்கி போட்டார். சக்கரத்தைத் தொடையால் முட்டுக்கொடுத்து ஏற்றினார். நட்டுகளை முதலில் கையால் முறுக்கினார், பிறகு ஒன்றுக்கு எதிர் ஒன்றாக ஸ்பேனரால். எழுபது வயதில் இது செய்யக்கூடாத வேலை. மகளின் புருஷன் இரண்டு தடவை கை நீட்டினான். இரண்டு தடவையும் சின்னவர் அந்தக் கையைப் பார்த்த பார்வையில் அவன் பின்வாங்கினான். கடைசி ஸ்டாண்டை உருவியபோது வண்டி ஒரு பெருமூச்சுவிட்டுத் தரையில் உட்கார்ந்தது. சின்னவர் கேஜை எடுத்துக் காற்று பார்த்தார். முன்னால் 46, பின்னால் 54. எட்டு மாதத்தில் இறங்கும் காற்றையும் கணக்குப் போட்டு அண்ணன் அடைக்கச் சொல்லியிருக்கிறார்.

எஞ்சின் மூன்றாவது தடவையில் பிடித்தது. ஸ்டீரிங்கைப் பிடித்து மெதுவாகக் கேட்டைத் தாண்டினார். தெருவில் இறங்கும் இடத்தில் முழுசாக வளைக்க வேண்டியிருந்தது. அங்கே உரசும். உரசாமல் இருக்க வழியே இல்லை. காதைக் கூராக்கிக்கொண்டு வளைத்தார். ஒரு சத்தமும் இல்லை. டயர், மட்கார்டை இரண்டு விரல்கடை விட்டு, சுத்தமாகத் திரும்பியது.

தெரு ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கினார். வழி அகலமாக, வெறுமையாக இருந்தது. நான்கு ஸ்டாண்டுகள் இருந்த இடத்தில் சிமென்ட்டில் நான்கு துருக் கட்டங்கள். அவற்றின் மேல் நடந்துதான் அண்ணனை எடுத்து வந்தார்கள். நான்கு பேரும் நேராக நடந்து வந்தார்கள். யாரும் ஒருக்களிக்கவில்லை.

பெட்டியை ஏற்றி முடித்ததும் மகள் அவரிடம் வந்தாள்.

"முன் சீட்டுல உங்களுக்கு இடம் போட்டிருக்கு."

"நீங்க ரெண்டு பேரும் அதுல போங்க. நான் இதுல பின்னாடி வரேன்."

"லைசென்ஸ் இருக்கா சித்தப்பா?"

"பிடிச்சா பிடிக்கட்டும்."

அவள் போய்ப் பிண வண்டியில் ஏறிக்கொண்டாள். பிண வண்டி புறப்படத் தயாராகப் பின்விளக்குகளைச் சிமிட்டியது.

சின்னவர் முன் சக்கரத்தின் அருகில் குந்தினார். ஒரு ஆள் பாரம் குறைந்தால் காற்றும் குறைய வேண்டும். தொழில் அப்படித்தான். வால்வு மூடியைத் திருகி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நகத்தால் வால்வுக்குள் இருந்த ஊசியை அழுத்தினார். காற்று மெல்லிசாகச் சீறியது.

விரலை எடுத்துவிட்டார்.

முன்னால் இருந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தார்கள். சின்னவர் கேஜை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த சின்னக் காற்றுப் பம்பை எடுத்து வந்து, கேஜ் முள் மறுபடி 46-ல் நிற்கும்வரை அடித்தார். மூடியைத் திருகினார். இறுகிய பிறகும் இன்னொரு சுற்று திருகினார்.