ஆறிய டீயில் சர்க்கரை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு கண்ணாடி ஜாடியின் அடியில் கிடைத்தது. அரை விரல்கடை உயரத்துக்குக் கரையாமல் தங்கிய சர்க்கரை, அதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு புதினா இலை. முதலில் பார்த்தது நானில்லை, என் பக்கத்து வீட்டு நேடீன் டட்வைலர். பார்த்த அன்றிலிருந்து பதினொரு நாள் அவள் தன் கணவனோடு பேசவில்லை. நான் அதைக் கதையாக்க உட்கார்ந்தேன். அடுத்த வீட்டில் சண்டை வந்தால் சமாதானம் செய்யப் போகிறவர்கள் ஒரு ரகம், நோட்டைத் திறக்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் எந்த ரகம் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

தொடக்கம் மட்டும் மூன்று முறை எழுதினேன்.

"தெற்குக் கரோலினாவின் ஜூலை வெயிலில், பீச் மரங்கள்…" (வெயிலில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன். விட்டுவிட்டேன்.)

"நாற்பது வருடமாக நம்பிய கணவனை நேடீன் அன்று…" (முப்பத்தெட்டு வருடம். நேடீனுக்குக் கூட்டிச் சொன்னால் பிடிக்காது.)

"ஹாலிஸ் டட்வைலர் ஒரு திருடன்." (இது நன்றாக இருக்கிறது. பிரச்சினை, இது உண்மையா என்பதுதான். அதைப் பிறகு பார்ப்போம்.)

2.

ஏப்ரலில் டாக்டர் சொல்லிவிட்டார், ஹாலிஸுக்கு ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கம் என்று. ஹாலிஸ் சிரித்தான். நேடீன் சிரிக்கவில்லை. ஹாலிஸின் அண்ணன் ஃபெரலுக்கு இதே சர்க்கரையால் போன வருடம்தான் வலது காலை எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஹாலிஸைச் சமையலறை மேஜை முன்னால் நிறுத்தினாள்.

"இனிமே சர்க்கரையைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

"கையைப் பின்னாடி மறைச்சுக்கிட்டுப் பண்ணாத. ரெண்டு கையையும் மேஜை மேல வை."

வைத்தான். அன்றைக்கே வீட்டிலிருந்த சர்க்கரையெல்லாம் மாதாகோயில் சமையல்கட்டுக்குப் போனது.

ஆனால் டீயை என்ன செய்வது? இந்த ஊரில் கோடைக்கால டீ என்றால் ஐஸ் போட்ட இனிப்பு டீதான். கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே சர்க்கரையைக் கொட்டிக் கரைத்துவிட வேண்டும், அப்புறம்தான் குளிர்ந்த தண்ணீர். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் இது தெரியும். மாதாகோயில் விருந்துகளில் நேடீனின் குடம்தான் முதலில் காலியாகும். அவள் சர்க்கரையில்லாமல் டீ போடுவது என்பது, எங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்தில் சமையலுக்குப் பெயர்பெற்ற ஒருத்தி உப்பில்லாமல் சாம்பார் வைக்க ஒப்புக்கொண்டதற்குச் சமம்.

ஒப்புக்கொண்டாள். ஜூன் முழுக்க முயன்றாள். சாலையோரக் கடையில் யாரும் வாங்காத, தொட்டால் விரல் உள்ளே போகிற பீச் பழங்களாகத் தேடினாள். இனிப்பு அதில்தான் இருக்கிறது. தோலை உரித்து எறியாமல் பழத்தோடு சேர்த்துக் கொஞ்சம் தண்ணீரில் வேகவிட்டாள், நிறம் தோலிலிருந்து இறங்கும் என்று. மசித்து வடிகட்டினாள். டீப் பைகளை ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிழியாமல் எடுத்தாள், பிழிந்தால் கசக்கும். துவர்ப்பு அடங்க ஒரு சிட்டிகை சமையல் சோடா. இரண்டையும் கலந்து, புதினா போட்டு, குளிரவைத்து, ஞாயிற்றுக்கிழமை மாலை முன்வராந்தாவுக்குக் கொண்டுவருவாள். மூன்று கண்ணாடி ஜாடிகள், இங்கே தம்ளருக்குப் பதில் அதில்தான் குடிப்பார்கள்.

(மூன்றாவது ஜாடி யாருக்கு என்று கேட்கிறீர்களா? நல்ல வாசகர்தான். கொஞ்சம் பொறுங்கள்.)

ஹாலிஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் ஒரே வசனத்தைச் சொல்வான்.

"நேடீன், இதுல என்னமோ குறையுது. ஆனா என்னன்னு சொன்னா வீட்டை விட்டுத் துரத்திடுவ."

"குடிக்கிறியா, செடிக்கு ஊத்தவா?"

"செடி பாவம் கண்ணு. நானே குடிச்சிடறேன்."

ஆனால் குடித்தான். கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

3.

அந்த ஞாயிறு நேடீன் ஜாடிகளைத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனாள். கழுவும்போது, ஹாலிஸின் நாற்காலிப் பக்கமிருந்து எடுத்த ஜாடியின் அடியில் அந்தச் சர்க்கரை இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அப்படியே ஜாடியோடு வராந்தாவுக்கு வந்தாள்.

"யோவ் ஹாலிஸ். இது என்ன?"

"டீ ஜாடி."

"அடியில?"

ஹாலிஸ் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தான். "சர்க்கரை மாதிரி இருக்கு."

"மாதிரியா? நக்கிப் பாக்கறியா?"

"நீதான் நக்கக் கூடாதுன்னுட்டியே."

நகைச்சுவைக்கு அது நேரமில்லை என்பது அவனுக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் உறைத்தது.

"நான் போடல நேடீன்."

"அப்ப யாரு, நாய் போட்டுச்சா?"

"நான் இந்த மண்ணுல பொறந்தவன்மா. ஆறின டீயில எவனாவது சர்க்கரை போடுவானா? எங்கம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து அடிப்பா. திருடணும்னா எனக்கு ஒழுங்காத் திருடத் தெரியாதா?"

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாளாவது நீ டீ போட்டிருக்கியா? போடத் தெரியாதவன்தான் இப்படிப் போடுவான்."

(இரண்டு வாதமும் வலுவானது. எழுதும்போது நான் இருவருக்கும் மாறி மாறித் தலையாட்டினேன்.)

பிறகு நேடீனின் குரல் இறங்கியது. "ஃபெரலுக்குக் காலை எடுத்தன்னிக்கு அந்த ஆஸ்பத்திரி நாற்காலில உக்காந்திருந்தேன் பாரு. இன்னொரு தடவை என்னால அங்க உக்கார முடியாது ஹாலிஸ். எனக்குப் பயமா இருக்கு."

அதற்குப்பின் அவனோடு பேசுவதை நிறுத்தினாள். எல்லாம் பிஸ்கட் வழியாகத்தான். பிஸ்கட் அவர்கள் நாய்.

"பிஸ்கட், அந்தாளுகிட்ட சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு."

"பிஸ்கட், வரேன்னு சொல்லு."

பிஸ்கட் இருவரையும் மாறி மாறிப் பார்த்து இளைத்துப் போனது. ஞாயிற்றுக்கிழமை டீ நின்றது.

4.

இங்கேதான் ஹாலிஸ் எனக்கு மக்கர் செய்தான். கதைக்கு அவன் குற்றவாளியாக இருப்பதுதான் வசதி. கதையில் அவன் காருக்குள் ஒரு பொட்டலம் ஒளித்துவைத்தேன், அவன் திறக்கவில்லை. சட்டைப் பையில் நாலு சர்க்கரைக் கட்டிகள் போட்டுப் பார்த்தேன், குதிரைக்குக் கொடுத்துவிட்டான். (அந்தத் தெருவில் குதிரையே கிடையாது. என் பாத்திரம் என்னிடமிருந்து தப்ப ஒரு குதிரையையே கொண்டுவந்தது.) இருபது பக்கம் வீணானது.

ஏன் முடியவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சர்க்கரையைப் போட்டவள் நான்.

மூன்றாவது ஜாடி என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக அந்த வராந்தாவின் மூன்றாவது நாற்காலி என்னுடையது. சாப்பாட்டுக் கடைகளில் மேஜைமேல் வைத்திருக்கும் சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. எத்தனை வருடமானாலும் நான் டீயை ஊற்றிக்கொண்ட பிறகு சர்க்கரை போட்டுக் கலக்கும் இனம். ஹாலிஸ் தோட்டத்துக் குழாயை மூடப் போயிருந்தான், நேடீன் ஐஸ் எடுக்க உள்ளே போயிருந்தாள். இரண்டு பொட்டலம் கொட்டி விரலால் கலக்கினேன். கரையவில்லை. அப்படியே குடித்து முடித்தேன். காலடிச் சத்தம் கேட்டதும் ஜாடியை அவசரமாக ஹாலிஸின் நாற்காலிப் பக்கம் வைத்து, அவனுடைய காலி ஜாடியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவளிடம் ஐந்து வாரமாக "சர்க்கரை போட்டதைவிட இது நல்லா இருக்கு" என்று புளுகியிருந்தேனே, பிறகு எப்படி ஒப்புக்கொள்வது?

5.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: எறும்புகள். வராந்தா விளிம்பில் எறும்புச் சாரை என் நாற்காலிவரை போகிறது, நேடீன் பின்தொடர்கிறாள். (எறும்பு துப்பறியும் கதையை யார் நம்புவார்கள்?)

இரண்டு: நானே போய்ச் சொல்கிறேன். அவள் சிரித்து என்னைக் கட்டிக்… (முடிக்க முடியவில்லை. அவள் சிரிப்பாள் என்று எனக்கு நிச்சயமில்லை.)

மூன்றாவதை நான் எழுதவில்லை. அது பதினோராம் நாள் நடந்துவிட்டது. ஹாலிஸ் மேஜை மேல் இரண்டு கையையும் வைத்து, "நான்தான் போட்டேன். மன்னிச்சிடு" என்று சொல்லிவிட்டான். நேடீன் அழுதாள். பேசினாள். பிஸ்கட்டுக்கு விடுமுறை கிடைத்தது.

மறுநாள் வேலியோரம் ஹாலிஸ் என்னைக் கூப்பிட்டான்.

"வசு, உன் கைப்பை ரொம்ப கனமா இருக்கு போல."

கைப்பையை முதுகுக்குப் பின்னால் மாற்றினேன். "எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. ஆறின டீயில சர்க்கரை போடற ஆள் இந்தத் தெருவுல ஒருத்திதான்."

"பின்ன ஏன் சொல்லல?"

"என்மேல கோவம் வந்தா நாய் மூலமாவாவது பேசுவா. உன்மேல வந்தா? அவளுக்குச் சிநேகிதின்னு நீ ஒரு ஆள்தான் இருக்க." தோட்டத்து ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு நடந்தான். "விடு, விடு. உன்னோட கதை எப்படிப் போகுது?"

விட்டிருக்கலாம். ஆனால் இப்போது நேடீன் தினமும் காலையில் அவன் விரலைத் தானே குத்திப் பார்க்கிறாள். அளவு நன்றாக வந்தால் நம்பாமல் இன்னொரு விரலைக் குத்துகிறாள். சத்தியத்தைக் காப்பாற்றிய மனிதன் அடுத்த விரலை நீட்டுகிறான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6.

இன்று ஞாயிறு. டீ திரும்ப வந்திருக்கிறது. மாதாகோயில் விருந்துப் பாத்திரங்களுக்கு ஒட்டுவதுபோல, ஒவ்வொரு ஜாடியின் அடியிலும் நேடீன் காகித நாடா ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறாள். என் பெயர் எழுத்துப்பிழையில்லாமல் இருக்கிறது. நோட்டு என் மடியில். இந்த வரியை வராந்தாவில் வைத்தே எழுதுகிறேன்.

"என்ன அது, ரெண்டு வாரமா கிறுக்கற?" என்கிறாள்.

"ஒரு கதை."

"யாரைப் பத்தி?"

"டீயைப் பத்தி," என்கிறான் ஹாலிஸ், நான் வாயைத் திறக்குமுன். அவனுடைய நான்கு விரல் நுனிகளில் புள்ளி புள்ளியாகக் காயம்.

"அப்ப என்னைப் பத்தித்தான். படிச்சுக் காட்டு, எங்க பாஷையில சொல்லு."

நேடீனுக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதினேன் என்பதை நீங்கள் முன்பே கண்டுபிடித்திருப்பீர்கள். இந்த நோட்டில் ஹாலிஸ் திருடனாக வரும் இருபது பக்கமும் இருக்கிறது, நாலாம் பகுதியும் இருக்கிறது. எதைப் படித்தாலும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. ஹாலிஸ் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டுகிறான், வேண்டாம் என்று.

நேடீன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். "ம், ஆரம்பி."

இதற்குமேல் எழுத முடியாது, வாசகரே. பேனாவை மூடினால்தான் படிக்க முடியும். எந்தப் பக்கத்தைத் திறக்கட்டும்?