மேலட்டைக்கு ஒரு ஜோடிச் செருப்பு

உத்தமன் நீட்டிய குறுந்தகட்டு உறையை ரங்கா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு கடை வாசலுக்கே வந்து, அதை வெயிலில் உயர்த்திப் பிடித்தார்.

“என்ன குரு இது, கார்பன் பேப்பரா?” பெங்களூர் வழக்கப்படி, யாரையும் ‘குரு’ என்றே அழைப்பார் அவர்.

உத்தமனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. “வீடு இருக்கு சார். ஜன்னல்ல ஒரு உருவம்கூட நிக்குது.”

“நிக்கும், நிக்கும். அமாவாசையில எருமை நிக்கிற மாதிரி நிக்கும். எனக்கே தெரியல, ரோட்டுல போறவனுக்கு எப்படித் தெரியும்?”

அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. அச்சகத்திலிருந்து வந்த அட்டை, மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பாக இருந்தது. உத்தமனின் கணினித் திரை பழையது. வெளிச்சத்தை முழுமையாகக் கூட்டி வைத்தால்தான் அதில் எதுவும் புலப்படும். அறை விளக்கையும் அணைத்துவிட்டு, அந்தத் திரையின் முன் அமர்ந்தே அவன் படத்தை வரைந்திருந்தான். அவன் கண்ணுக்குக் கூரை ஓடும், மரமும், ஜன்னல் நிழலும் துலக்கமாகத் தெரிந்தன. காகிதத்திற்கு அத்தகைய ஒளி ஏது? பக்கத்தில் ஒருவர் நின்று எட்டிப் பார்த்திருந்தால், ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று ஒரு சொல் சொல்லியிருப்பார். அப்படி எட்டிப் பார்க்க அவனுக்கு யாரும் இல்லை.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வந்த உத்தமன், பகலெல்லாம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிறர் எழுதிய நிரல்களில் குற்றம் கண்டுபிடிப்பான். மாலையில் ரிச்சர்ட்ஸ் டவுனில் மௌரீன் அம்மையாரின் வீட்டு மாடியில் இருந்த தன் ஒற்றை அறைக்குத் திரும்புவான். அங்கே அமர்ந்து, ஒருவர் துணையுமின்றி, ‘மாடி அறை’ என்னும் பேய் விளையாட்டு ஒன்றை உருவாக்கி முடித்திருந்தான். ஆடுபவர் ஒரு பழைய வீட்டின் படிகளில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே ஓர் அறையில் யாரோ அவருக்காகக் காத்திருப்பார்கள். அவ்வளவுதான் கதை.

சிவாஜிநகர் பேருந்து நிலையத்திற்கு எதிரே குறுந்தகடு விற்கும் ரங்கா, சாலையைப் பார்த்த கண்ணாடி அடுக்கில் அதற்கு ஓர் இடம் தருவதாக வாக்களித்திருந்தார். தசரா விடுமுறை முடியும்வரைதான் தவணை. அதற்குள் ஒரு கையாவது அதை எடுக்காவிட்டால், கட்டோடு திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். விற்று மாளிகை கட்டும் ஆசை உத்தமனுக்கு இல்லை. தான் கட்டிய படிகளில் முன்பின் அறியாத ஒருவர் ஏற வேண்டும். ஏறிப் பயப்பட வேண்டும். அப்படி ஒருவரும் ஏறாமற்போனால், இத்தனை ஆண்டுகளாக அந்த அறையில் தான் இருந்ததற்கே சாட்சி இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

இரண்டாவது அட்டையில் அவன் குறையேதும் வைக்கவில்லை. மண்டையோடு, தலைவிரி கோலமாய் ஒரு பெண், வௌவால்கள், வழியும் இரத்தத்தால் எழுதிய தலைப்பு என்று அத்தனையையும் அள்ளிக் கொட்டினான். ரங்கா அதை அடுக்கில் வைத்துவிட்டு, அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் போனார்.

“இப்போ பாரு. என்ன தெரியுது?”

ஒரு சிவப்புக் குழம்பு தெரிந்தது. போதாக்குறைக்கு, அடுக்கின் குறுக்குக் கம்பி அட்டையின் அடிப்பாகத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

“பக்கத்துக் கறிக்கடை போர்டுன்னு நெனச்சு அரைக் கிலோ கேப்பாங்க, குரு. எல்லாத்தையும் ஒரே எலையில போட்டா எதைத் தின்றது? ஒண்ணு போடு. நல்லா போடு.”

“எதைப் போடறது சார்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? பேய் உன்னோடது!”

அந்த ஒன்று எது என்று உத்தமன் நாள்தோறும் யோசித்தான். பேருந்தில் யோசித்தான், அலுவலகத்தில் அடுத்தவர் பிழைகளுக்கு நடுவே யோசித்தான். பிடி கிடைக்கவில்லை. ஒரு மாலை, அலுவலகம் விட்டு வரும் வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடி மாடிப்படி ஏறியவன், கடைசிப் படியில் அப்படியே நின்றான்.

அவன் அறை வாசலில், கதவைப் பார்த்தபடி, ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது.

அவன் உள்ளம் ஒரு துள்ளுத் துள்ளியது. யாரோ வந்திருக்கிறார்கள்! ஆரணியிலிருந்து யாராவது இருக்குமோ? எந்த வாசலிலும் செருப்பைக் கண்டால், உள்ளே ஆள் இருக்கிறது என்றுதானே பொருள்? ‘வாங்க, வாங்க’ என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் கதவில் தொங்கிய பூட்டு கண்ணில் பட்டது. காலையில் அவன் பூட்டிய பூட்டு. சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. செருப்பிலிருந்து நீர் கசிந்து, கதவின் அடியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

“என்ன மேன், பேயைக் கண்ட மாதிரி நிக்கிறே?”

மொட்டை மாடியிலிருந்து மௌரீன் அம்மையார் இறங்கி வந்தார், கை நிறைய ஈரத் துணியோடு. “மேல ஒரே பாசி. செருப்போட ஏறினா வழுக்கி விட்டுடும்னு இங்கயே கழட்டிப் போட்டேன்.”

“யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சேன், ஆன்ட்டி.”

“உன் ரூமுக்கா?” அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். “உன் ரூமுக்கு யாரு மேன் வர்றாங்க!”

அந்தச் சிரிப்பில் வஞ்சகம் இல்லை. இருந்தும், அது அவனுக்குள் முள்ளாய்த் தைத்தது. தைத்த இடத்திலேயே மேலட்டையும் பிறந்தது.

“ஆன்ட்டி, இந்தச் செருப்பைக் கொஞ்ச நாளைக்குக் குடுப்பீங்களா?”

“எதுக்கு?”

“போட்டோ எடுக்க.”

அம்மையார் அவனை மேலும் கீழும் பார்த்தார். “ஒழுங்கா சாப்பிடறியா நீ?” என்று கேட்டாரே தவிர, மறுக்கவில்லை, வெறுங்காலோடு இறங்கிப் போனார்.

அலுவலகத் தோழன் சீனுவிடம் புகைப்படக் கருவி இரவல் கேட்டபோது, அவன் கண்ணடித்தான். “என்னடா, பொண்ணு போட்டோவா?”

“செருப்பு போட்டோ.”

“போடா டேய்! சொல்ல இஷ்டமில்லேன்னா சொல்லாதே” என்றபடியே கருவியைக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மங்கும் நேரத்தில், உத்தமன் அறைக்குள் விளக்கை எரியவிட்டு, வெளியே பூட்டைத் தொங்கவிட்டான். செருப்பின்மேல் தண்ணீர் தெளித்தான். நேர் எதிரே நின்று எடுத்தால் செருப்பு படத்தின் அடியில் விழும். அடுக்குக் கம்பி அதை மறைத்துவிடும். ஆகையால், மொட்டை மாடிக்குப் போகும் படியில் குந்தி, கீழ்நோக்கிப் பார்த்து எடுத்தான். செருப்பு நட்டநடுவே வந்தது. மேலே பூட்டு. இரண்டிற்கும் இடையே, கதவின் அடியில், மஞ்சள் கோடாய் ஒளி. தலைப்பைக் கொட்டை எழுத்தில் உச்சியில் வைத்தான். இரத்தம் ஒரு துளிகூட இல்லை. இம்முறை திரையை நம்பாமல், படத்தைக் காகிதத்தில் தபால்தலை அளவாக்கி, பகல் வெளிச்சத்தில் கைக்கெட்டாத தூரத்தில் ஒட்டி வைத்துப் பார்த்தான். அப்போதும் செருப்பு செருப்பாகவே தெரிந்தது.

ரங்கா சாலையைக் கடந்து போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து, “சும்மா ஒரு செருப்பு. ஆனா என்னவோ பண்ணுது, குரு” என்று மட்டும் சொன்னார்.

விடுமுறை தொடங்கிற்று. உத்தமன் அலுவலகத்திற்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கடையோரம் வேறு குறுந்தகடுகளைப் பார்ப்பவன்போல் நின்றான். பலர் பார்த்தார்கள், கடந்து போனார்கள். விடுமுறையும் கரைந்துகொண்டே வந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் பிற்பகல், கல்லூரிப் பெண்கள் இருவர் கண்ணாடி முன் வந்து நின்றனர்.

“ஏய், இதைப் பாருடி. பூட்டு வெளிய தொங்குது.”

“தொங்கட்டும். அதுக்கென்ன?”

“அப்போ செருப்பு யாரோடது?”

மற்றவள் குனிந்து பார்த்தாள். அவள் கை தானாகத் தோழியின் கையைப் பற்றியது. “சீ, போடி! எனக்குப் புல்லரிக்குது. வா, போலாம்.”

முதலாமவள் போகவில்லை. உள்ளே வந்து குறுந்தகட்டை வாங்கிக்கொண்டாள். “யாரு அண்ணா இதைப் பண்ணது?”

ரங்காவின் பார்வை உத்தமன்பால் ஓடிற்று. ‘நான்தான்’ என்று சொல்ல உத்தமன் வாயெடுத்தான். ஆயினும், ஒல்லிக்குச்சியாய் ஒருவன் எதிரே வந்து நின்று பல்லிளித்தால், அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால் பிறகு என்ன மிச்சமிருக்கும்? அவன் தலையை மெல்ல அசைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“யாரோ நம்ம ஊர்ல இருக்கறவர்தாம்மா” என்றார் ரங்கா. அவள் வாங்கிய கையோடு கூட்டத்தில் கலந்தாள். அவள் முகத்தைக்கூட அவன் சரியாகப் பார்க்கவில்லை.

“ஏன் குரு, சொல்லியிருக்கலாமே?”

“பயந்துட்டுப் போறாங்க சார். அப்படியே போகட்டும்.”

வீடு திரும்பியதும், துடைத்து வைத்திருந்த செருப்பை எடுத்துப்போய் மௌரீன் அம்மையாரிடம் கொடுத்தான். படம் எடுத்து வெகுநாளாகியும் அதை அவன் தன் வாசலிலேயே வைத்திருந்தான். மாலையில் படியேறும்போது அது கண்ணில் படுவது அவனுக்குப் பழகிவிட்டிருந்தது.

“யாராவது வாங்கினாங்களா மேன்?”

“ஒருத்தங்க வாங்கினாங்க, ஆன்ட்டி.”

“என் செருப்பு சும்மாவா!” என்று அதைக் காலில் மாட்டிக்கொண்டு, அம்மையார் சமையற்கட்டுக்குள் போய்விட்டார்.

உத்தமன் மேலே ஏறினான். இந்நேரம் எங்கோ ஒரு வீட்டில், அவன் பெயர் அறியாத ஒருத்தி அவனுடைய படிகளில் ஏறிக்கொண்டிருப்பாள். அவன் பூட்டைத் திறந்து, தன் செருப்பை வழக்கம்போல் வாசலின் நடுவில் கழற்றிவிட்டு உள்ளே போனான். சற்று நேரம் சென்றபின் மீண்டும் வெளியே வந்தான். குனிந்து, அதைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தான். பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம் இருந்தது.